சின்ன வண்டியும் பெரிய விமரிசகர்களும்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து என் நண்பர் ஒருவர் சென்ற வாரம் கோயமுத்தூருக்கு வந்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வழக்கமாய் அவர் வரும்போது கையில் ஒரு பை இருக்கும். பைக்குள் தேங்காயோ வாழைப்பழமோ இருக்கும். இந்த முறை பைக்குள் இருந்தது ஒரு காகிதக் கட்டு. பத்திரிகைகளிலிருந்து கத்தரித்தவை சில. பேரன் அச்சிட்டுக் கொடுத்தவை சில. ஓரங்களிலெல்லாம் சிவப்பு மசியில் அடிக்கோடு போட்டு, ஆங்காங்கே கேள்விக் குறியும் இட்டிருந்தார். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் சிவப்புப் பேனா அவரை விட்டபாடில்லை.

"ஏனுங்க, ஒரு சின்னக் காரு வாங்கலாமுன்னு இருக்கறமுங்க. எங்க ஊட்டுல அம்மிணிக்கு முழங்கால் வலி. பஸ்ஸுப் படி ஏற முடியறதில்லை. வர்ற பணத்துல மிச்சம் பிடிச்சு வச்சது கொஞ்சம் இருக்குதுங்க. ஒரே ஒரு தடவைதான் வாங்கப் போறோம்; தப்பா வாங்கிட்டா இன்னொண்ணு வாங்க வழியில்லை. அதனால ஆறு பேர் எழுதினதைப் படிச்சேனுங்க. ஆறு பேரும் ஆறு விதமாச் சொல்றாங்க. இந்த விமரிசகருங்களை நம்பலாமுங்களா?" என்று கேட்டார்.

கட்டை வாங்கிப் புரட்டினேன். ஆறு பேரும் எழுதியிருந்தது ஒரே வண்டியைப் பற்றித்தான். அதன் ஸ்டீயரிங் வெண்ணெய் போல் வழுக்கிக் கொண்டு திரும்புகிறது என்றார் ஒருவர். அதே ஸ்டீயரிங்கில் ஜீவனே இல்லை என்றார் மற்றொருவர். பின் ஆசனம் மூவருக்குத் தாராளம் என்று ஒரு கட்டுரை. இருவருக்கே நெருக்கம் என்று இன்னொரு கட்டுரை. விலை நியாயம் என்பவரும் உண்டு. அநியாயம் என்பவரும் உண்டு. இத்தனைக்கும் ஆறு பேரும் இதையே தொழிலாகக் கொண்டவர்கள். நூற்றுக் கணக்கான வண்டிகளை ஓட்டிப் பார்த்தவர்கள்.

கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இந்தச் சங்கடம் முற்றிலும் புதிதல்ல. அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையிலும், கண்ணபுரம் மாட்டுச் சந்தையிலும் நம் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாய் அனுபவித்து வந்த சங்கடந்தான் இது. காங்கேயம் காளை ஒன்றை வாங்கப் போகிறவருக்குப் பக்கத்தில் தரகர் வந்து நிற்பார். அவருக்குத் தெரியாத மாடு இல்லை. பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்வார். சுழியைப் பார்த்து அதிர்ஷ்டத்தைச் சொல்வார். நடையைப் பார்த்து நோயைச் சொல்வார். துண்டைப் போர்த்திக்கொண்டு அதன் அடியில் விரலைப் பிடித்து விலையைச் சொல்வார். அவர் அறிவில் சந்தேகமே கிடையாது. ஆனால் தரகு யார் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் வாங்குகிறவர் மறப்பதில்லை. தரகர் சொன்ன வயதை நம்புவார். தரகர் சொன்ன "இதை விட்டால் வேறு கிடைக்காது" என்பதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பிறகு மாட்டை ஏரிலோ வண்டியிலோ பூட்டிப் பத்தடி நடத்திப் பார்ப்பார். கறவையானால் தாமே உட்கார்ந்து கறந்து பார்ப்பார். மோட்டார் வண்டி விஷயத்தில் மட்டும் இந்தப் பழைய புத்தி நமக்கு ஏன் மறந்து போகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஒரு வேளை பழக்கமின்மை காரணமாயிருக்கலாம். வெகு காலம் வரையில் நம் நாட்டில் கார் விமரிசகருக்கு வேலையே இல்லாமல் இருந்தது. அம்பாஸடர் உண்டு, பியட் உண்டு. பிறகு ஸ்டாண்டர்டு என்று ஒன்றும் உண்டு. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். கிடைத்ததே பாக்கியம் என்றிருந்த காலத்தில் நன்றா இல்லையா என்று யார் கேட்பார்கள்? 1983-ஆம் வருஷம் டிஸம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800 வண்டியின் சாவியை இந்திரா காந்தி ஒரு குடும்பத்தாரிடம் கொடுத்த நாளிலிருந்துதான் சின்ன வண்டி என்பது நடுத்தரக் குடும்பத்தின் ஆசைக்கு எட்டும் பொருளாயிற்று. பின்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அன்னியக் கம்பெனிகள் வந்து சேர்ந்த பிற்பாடே தேர்ந்தெடுக்கும் தொல்லை ஏற்பட்டது. தொல்லையோடு விமரிசகரும் வந்தார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரை நினைக்காமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920-இல் ஒற்றை பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு அவர்கள், 1952-இல் இருவர் உட்காரக்கூடிய சின்னஞ் சிறு பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய் விலைக்கென்று உருவாக்கினார். சர்க்கார் அதற்கு லைஸென்ஸு கொடுக்கவில்லை. அந்த வண்டி நன்றாயிருந்ததா, மோசமாயிருந்ததா? விமரிசகரும் சொல்லவில்லை, வாங்கியவரும் சொல்லவில்லை. வாங்குவதற்கே வழி இல்லாமல் போயிற்று. விமரிசனத்துக்கு ஆளாகும் பாக்கியங்கூட எல்லா வண்டிக்கும் வாய்ப்பதில்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

நிற்க, விமரிசகர் எப்படி வேலை செய்கிறார் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். புதிய வண்டி ஒன்று வெளிவரப் போகிறதென்றால், கம்பெனியார் பத்திரிகைக்காரர்களையும் படம் பிடித்துப் பேசுகிறவர்களையும் நல்லதோர் ஊருக்கு அழைப்பது வழக்கம். போக வரச் செலவும், தங்கும் விடுதியும், விருந்தும் பெரும்பாலும் கம்பெனியைச் சேர்ந்தவை. ஓட்டக் கொடுக்கும் வண்டியோ நன்றாய்த் துடைத்து, முடுக்க வேண்டியதை முடுக்கி, எல்லா அலங்காரமும் உள்ள உச்ச ரகமாயிருக்கும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு மூன்று நாள் ஓட்டம். வண்டிக்குள் இருப்பவர் விமரிசகரும் படம் பிடிப்பவருமாக இரண்டே பேர். பிறகு, மேற்படி கம்பெனியின் விளம்பரம் ஒரு பக்கம் வெளியாகும் பத்திரிகையிலேயே மறு பக்கம் அவருடைய அபிப்பிராயமும் வெளியாகும்.

இதனால் விமரிசகர்களெல்லாம் விலைக்குப் போனவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது எளிது, அநியாயமும் ஆகும். விருந்தைச் சாப்பிட்டுவிட்டுக் குற்றத்தையும் எழுதுகிற நேர்மையாளர் பலர் இருக்கிறார்கள். ஆனால், உப்பிட்டவர் விஷயத்தில் மனிதனுடைய பேனா கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். "பின் ஆசனத்தில் மூன்று பேர் உட்கார முடியாது" என்று எழுத வேண்டிய இடத்தில் "பின் ஆசனம் இருவருக்கு மிகவும் உகந்தது" என்று எழுதிவிடும். நம் தலைமை ஆசிரியர் இலக்கணம் கற்பித்தவராதலால், இந்த வாக்கியங்களைப் புரிந்துகொள்ளும் வித்தையை அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. "வஞ்சப் புகழ்ச்சி தெரியுமுங்க, இது புகழ்ச்சியில ஒளிஞ்சிருக்கற வஞ்சமுங்க" என்றார்.

அமெரிக்காவில் 1936-இல் தோன்றிய நுகர்வோர் சங்கம் ஒன்று இந்த விஷயத்தில் கடுமையான விரதம் பூண்டிருக்கிறது. 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற பத்திரிகையை நடத்தும் அந்தச் சங்கம், சாதாரண வாடிக்கைக்காரரைப் போலக் கடைக்குப் போய்த் தன் சொந்தப் பணத்தில் வண்டி வாங்கிப் பரீட்சை செய்கிறது. விளம்பரமே ஏற்பதில்லை. அதோடு, வருஷந்தோறும் தன் அங்கத்தினர்களிடம் அவரவர் வண்டியில் என்னென்ன பழுதாயிற்று என்று கேட்டு வாங்கிக் கணக்கும் வெளியிடுகிறது. நம் தேசத்தில் இவ்வளவு பெரிய அளவில் அப்படி ஒரு ஸ்தாபனம் வேரூன்றவில்லை. இருபத்தைந்து லட்சம் ரூபாய்க் காரை வாங்குகிறவருக்கு இது ஒரு குறையில்லை. ஐந்தாறு லட்சத்தை ஆயுளுக்கு ஒரு முறை செலவழிப்பவருக்குத்தான் இது பெருங்குறை.

விமரிசகரால் நன்மையே இல்லையா என்றால், உண்டு. உயிர் காத்த நன்மையும் உண்டு. 1997-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ஸ்வீடன் தேசத்தில் நடந்த சம்பவத்தைக் கேளுங்கள். அந்த நாட்டுக் காடுகளில் குதிரையை விடப் பெரிய ஒரு மான் ஜாதி உண்டு. அது திடீரென்று சாலைக்குக் குறுக்கே வந்து நிற்கும். ஆகவே அங்குள்ள மோட்டார் பத்திரிகைக்காரர்கள், வேகமாய்ப் போகும் வண்டியைச் சட்டென்று ஒரு பக்கம் ஒடித்து, மறுபடியும் பழைய வழிக்குத் திருப்பிப் பார்ப்பதை ஒரு பரீட்சையாக வைத்திருந்தார்கள். புகழ் பெற்ற பென்ஸ் கம்பெனியார் அப்போதுதான் ஏ-கிளாஸ் என்ற சின்ன வண்டியை வெளியிட்டிருந்தார்கள். ராபர்ட் காலின் என்னும் விமரிசகர் அதை இந்தப் பரீட்சைக்கு உட்படுத்தினார். வண்டி குடை சாய்ந்துவிட்டது! கம்பெனியார் முதலில் பரீட்சையையே குறை கூறினார்கள். ஆனாலும் சில வாரங்களுக்குள் விநியோகத்தை நிறுத்தி, சக்கரம் சறுக்காமல் தடுக்கும் மின் கருவியை ஒவ்வொரு வண்டியிலும் பொருத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன் விலையுயர்ந்த பெரிய வண்டிகளில் மட்டும் இருந்த அந்தக் கருவி, சின்ன வண்டிகளுக்கு இறங்கி வருவதற்கு இந்தக் குட்டிக்கரணம் ஒரு முக்கியக் காரணம்.

கோபியிலிருந்து பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டித் திம்பம் மலைப் பாதையில் போகிறவர்களுக்கு இந்தப் பரீட்சையின் அருமை உடனே புரியும். சத்தியமங்கலம் காட்டில் மானும் யானையும் கொடுத்துவைத்த இடம் அது. எந்த வளைவில் எது நிற்கும் என்று சொல்ல முடியாது. அங்கே அத்தகைய பரீட்சையை நம்மில் எவரும் தாமே செய்து பார்ப்பது விவேகமல்ல. அதற்குப் பந்தய மைதானமும், பழகிய கையும், இழப்பதற்கு ஒரு வண்டியும் வேண்டும். கோவையில் மைதானத்துக்குக் குறைவில்லை. மாருதி 800-இன் இஞ்சினை எடுத்துப் பந்தய வண்டி கட்டிய எஸ். கரிவரதன் அவர்களின் பெயரால் செட்டிபாளையத்தில் 2003 முதல் ஒரு பந்தயச் சாலையே இருக்கிறது. பிரேக் எத்தனை அடியில் பிடிக்கிறது, வளைவில் வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது, வேகம் கூட எத்தனை வினாடி ஆகிறது, நிறையப் பெட்ரோல் ஊற்றி ஓட்டி மறுபடி நிறைய ஊற்றிப் பார்த்தால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தேறுகிறது: இவையெல்லாம் விமரிசகர் அளந்து சொல்லக்கூடியவை. அளந்து சொன்னால் நம்பலாம்.

பெட்ரோல் கணக்கை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கம்பெனி விளம்பரத்தில் போடும் எண், ஆய்வுக் கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, விதிப்படி ஓடவிட்டு எடுத்தது. அது பொய்யல்ல; ஆனால் அவினாசி ரோட்டின் சிக்னல்கள் அந்த ஆய்வுக் கூடத்தில் இல்லை. விளம்பரம் 22 என்று சொல்லி, விமரிசகர் ஊருக்குள் ஓட்டி அளந்ததில் 16 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் குடும்பத்துக்கு 17 லிட்டர் அதிகம் பிடிக்கும். வருஷத்துக்கு இருநூறு லிட்டருக்கு மேல். ஸ்டீயரிங் வெண்ணெயா விளக்கெண்ணெயா என்ற ஆராய்ச்சியை விட நடுத்தரக் குடும்பத்துக்கு இந்த ஒரு வரி முக்கியம். ஆசிரியர் சிவப்பு மசியில் அடிக்கோடு போட்டிருந்த இடங்களில் இந்த வரி ஒன்றிலுங் கூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, அளந்து சொல்லாமல் தீர்ப்புச் சொல்லும்போது என்ன ஆகிறது? அமெரிக்காவில் 1971-ஆம் வருஷத்தின் சிறந்த கார் என்று 'மோட்டார் டிரெண்ட்' பத்திரிகை ஷெவர்லே வேகா என்னும் சின்ன வண்டிக்குப் பட்டம் சூட்டியது. பட்டத்தின் மினுக்குப் போவதற்குள் வண்டியின் தகடு துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. அலுமினிய இஞ்சினோ சூடேறிக் கெட்டுப் போவதில் பேர் வாங்கிற்று. விமரிசகர்கள் பொய் சொன்னார்கள் என்பதற்கில்லை. புது வண்டியில் துரு இராது. இரண்டு நாள் ஓட்டத்தில் இஞ்சின் கெடாது. காலம் என்ற பரீட்சகர் இன்னும் விடைத்தாளைக் கையில் எடுக்கவேயில்லை. அதற்குள் இவர்கள் மார்க்குப் போட்டுவிட்டார்கள்.

நம் நாட்டு உதாரணம் இதை விட உருக்கமானது. மழையில் நனைந்துகொண்டு ஒரே ஸ்கூட்டரில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் போவதைப் பார்த்து ரத்தன் டாடா மனம் வருந்தினார் என்பதும், அதிலிருந்தே ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்ற எண்ணம் பிறந்தது என்பதும் எல்லோரும் அறிந்த கதை. 2008-ஆம் வருஷம் ஜனவரி 10-ஆம் தேதி டில்லியில் நானோ வண்டியை அவர் மேடைக்கு ஓட்டி வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 624 ஸி.ஸி. இஞ்சின், இரண்டே சிலிண்டர், அதுவும் பின்னால். ஒரே ஒரு வைப்பர். சக்கரத்துக்கு மூன்றே போல்ட்டு. ஒவ்வொரு காசாய்ப் பிடித்துக் கட்டிய வண்டி. நம்மவர் செய்தது என்ற பெருமிதத்தில் எனக்கும் அன்று நெஞ்சு விம்மிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். விமரிசகர்களும் புகழ்ந்தார்கள். மோட்டார் பத்திரிகையாளர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் 'இந்தியாவின் சிறந்த கார்' என்ற பட்டம் 2010-ஆம் வருஷத்துக்கு நானோவுக்கே கிடைத்தது.

மக்கள் என்ன செய்தார்கள்? வருஷத்துக்கு இரண்டரை லட்சம் வண்டி செய்வதற்கென்று தொழிற்சாலை கட்டியிருந்தார்கள். விற்பனை உச்சத்தில் இருந்த வருஷத்தில்கூட அதில் மூன்றில் ஒரு பங்கை எட்டவில்லை. சில வண்டிகள் தீப்பற்றிய செய்திகள் வேறு பயத்தைக் கிளப்பின. 2010-இல் கம்பெனியார் இலவசமாகவே கூடுதல் பாதுகாப்புப் பொருத்தித் தர முன்வந்தார்கள். 2018 ஜூன் மாதத்தில் தயாரானது ஒரே ஒரு நானோ.

இங்கே விமரிசகர் தவறினாரா, மக்கள் தவறினார்களா? இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். வண்டியின் அகலத்துக்குள் அத்தனை இடம் வைத்த சாமர்த்தியத்தை விமரிசகர் மெச்சியது நியாயந்தான். ஆனால் "உலகத்திலேயே மலிவான கார்" என்று பேர் வாங்கிய ஒன்றை ஓட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்து வாசலில் போய் இறங்குவதற்கு ஒரு குடும்பத் தலைவர் எவ்வளவு கூசுவார் என்பதை எந்தப் பந்தயச் சாலையிலும் அளக்க முடியாது. அந்த மலிவுப் பேர்தான் வண்டியைக் கெடுத்தது என்று பிற்பாடு டாடா அவர்களே சொன்னார். டிக்கியை வெளியிலிருந்து திறக்க முடியாத அந்த முதல் நானோவில் பெட்ரோல் தொட்டி 15 லிட்டர்தான். சாமர்த்தியத்தைக் கண்டு மயங்கியவர்களுக்கு இது சிறு குறை. தினமும் ஓட்டுகிறவருக்கு அது தினமும் குறை. சுதேசிப் பற்று நல்லது. ஆயினும் சுதேசிப் பற்றினால் ஒரு வண்டியின் குறைகளைச் சொல்லாமல் விடுவது அந்த வண்டிக்கும் உபகாரமில்லை, சுதேசிக்கும் உபகாரமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தைப் பற்றியது. இனிச் சொல்லப் போவது உயிரைப் பற்றியது.

2014-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் குளோபல் என்காப் என்ற சர்வதேச ஸ்தாபனத்தார் இந்தியாவில் விற்பனையாகும் ஐந்து சின்ன வண்டிகளை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின் மீது மோத விட்டுப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ-10, போர்டு பிகோ, வோக்ஸ்வாகன் போலோ. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம். அந்நாளில் இந்தியாவில் விற்பனையான புதுக் கார்களில் சுமார் ஐந்தில் ஒன்று இவற்றுள் ஒன்றாயிருந்தது என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஆல்டோ, நானோ, ஐ-10 மூன்றிலும் வண்டியின் கூடே நசுங்கியது. காற்றுப் பை வைத்திருந்தாலும் பெரிய பிரயோஜனம் இராது என்றார்கள். மற்ற இரண்டின் கூடு உறுதியாய் நின்றது. காற்றுப் பை இல்லாததால் உள்ளே இருந்த பொம்மை மனிதருக்குத் தப்ப வழியில்லை.

போலோ விஷயத்தில் இன்னொரு செய்தி உண்டு. இரண்டு காற்றுப் பை பொருத்திய அதே வண்டியை மோதியபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. பேர் ஒன்று, நிறம் ஒன்று, கடை வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் தெரியாது. ஒன்றுக்கு நான்கு, மற்றொன்றுக்குப் பூஜ்யம்! கம்பெனியார் காற்றுப் பை இல்லாத ரகத்தை விற்பதையே நிறுத்திவிட்டார்கள்.

விமரிசகரிடம் நமக்குள்ள வழக்கு முழுவதும் இந்த ஓர் இடத்தில் வந்து நிற்கிறது. அவர் ஓட்டுவது உச்ச ரகம். நாம் வாங்குவது, தவணைக் கணக்குப் பார்த்துவிட்டு, கீழிருந்து முதல் ரகமோ இரண்டாவது ரகமோ. அவர் ஓட்டிய வண்டியைப் பற்றி அவர் எழுதியது ஓர் எழுத்துக் குறையாமல் உண்மையாயிருக்கலாம். ஆனால் அது நம் வீட்டு வாசலில் நிற்கப் போகும் வண்டியைப் பற்றியதல்ல. அவர் எழுதியதைப் படிப்பவர் முதலில் தேட வேண்டியது எந்த ரகத்தை ஓட்டினார், யார் கொடுத்து ஓட்டினார், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டினார் என்ற மூன்று தகவல்களை. மூன்றும் இல்லாத கட்டுரையை விளம்பரத்தோடு சேர்த்துப் படித்துவிட்டு மறந்துவிடலாம்.

நல்ல வேளையாக, மோதிப் பார்க்கும் விமரிசகர் வந்த பிறகு காரியங்கள் மாறியிருக்கின்றன. 2018 டிஸம்பரில் டாடாவின் நெக்ஸான், இந்தியாவில் செய்த வண்டிகளுக்குள் முதன்முதலாக ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2019 ஜூலை முதல் ஓட்டுபவருக்கும், 2021 முதல் அவர் பக்கத்தில் அமர்பவருக்கும் காற்றுப் பை கட்டாயம் என்று சட்டம் வந்தது. 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து 'பாரத் என்காப்' என்ற நம் சொந்தப் பரீட்சையும் நடைமுறைக்கு வந்தது. கம்பெனியார் தாமாக முன்வந்தால்தான் இந்தப் பரீட்சை. ஆகையால் பரீட்சைக்கே வராத வண்டியைப் பற்றி, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் பையனைப் பற்றி ஆசிரியர் என்ன நினைப்பாரோ அதையே நினைத்துக்கொள்ளலாம்.

"அப்படீன்னா, வாங்கி ஓட்டறவங்களைக் கேட்கலாமுங்களே?" என்றார் நண்பர்.

கேட்கலாம். ஆனால் அங்கும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆறு லட்சம் கொடுத்தவர் தாம் ஏமாந்ததாகச் சொல்ல அவ்வளவு எளிதில் ஒப்ப மாட்டார். வாங்கி ஆறு மாதம் ஆனவரைக் கேட்பதில் பயனில்லை. ஐந்து வருஷம் ஆனவரைக் கேட்க வேண்டும். முகம் தெரியாத வாடிக்கைக்காரர்கள் பேரில் உலவும் புகழுரைகளில் கூலிக்கு எழுதியவை மலிந்துவிட்டதால்தான், 2022-இல் இந்திய தர நிர்ணய ஸ்தாபனம் அதற்கென்றே ஒரு விதிமுறை வகுக்கும்படி நேர்ந்தது. இதிலிருந்தே நோயின் அளவு தெரியவில்லையா?

பட்டறைக்காரர் இருக்கிறார். எந்த வண்டி எந்த மாதத்தில் எதற்காக வருகிறது என்பது அவருக்கு விரல் நுனியில். அவருக்கும் ஒரு பட்சபாதம் உண்டு: தமக்குக் கழற்றி மாட்டத் தெரிந்த வண்டியையே நல்ல வண்டி என்பார். கோயமுத்தூரில் பழைய கார் வாங்கி விற்கும் 'கன்ஸல்டிங்'காரர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இவர்களே கொங்கு நாட்டின் மிகச் சிறந்த விமரிசகர்கள். ஆனால் அவர்கள் வாயால் சொல்வதைக் கேட்கக் கூடாது. எந்த வண்டிக்கு என்ன விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் ஓடிய இரண்டு சின்ன வண்டிகளில் ஒன்றுக்குப் பாதிக்கு மேலும் மற்றொன்றுக்கு மூன்றில் ஒன்றும் கொடுப்பார்கள் என்றால், அந்த வித்தியாசத்துக்குள் துருவும், கிளட்சும், உதிரிப் பாகமும், ஊராரின் பேச்சும் எல்லாம் அடங்கியிருக்கின்றன. விருந்து வைத்து அந்த விலையை மாற்ற எவராலும் முடியாது. ஒன்று மட்டும்: மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பது அந்த விலையில் அடங்குவதில்லை. அதனால்தானே பூஜ்யம் வாங்கிய வண்டிக்கும் பல வருஷம் நல்ல கிராக்கி இருந்தது!

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பர் காகிதக் கட்டை மறுபடியும் விரித்துக் கொண்டார். அளந்து எழுதிய வரிகளுக்கு மட்டும் பச்சை மசியில் கோடு போட்டார். ஆறு கட்டுரைகளில் நாலு கட்டுரைகள் கழிந்தன. மறு நாள் தம் மனைவியாரையும், மகளையும், மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ஒரு விற்பனைக் கடைக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு, குளிர் சாதனத்தையும் போட்டுக்கொண்டு, மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் கேட்டதும் கடைப் பையன் சற்றுத் திகைத்தான். "திம்பத்துல 27 வளைவு இருக்குது தம்பி. அங்க போயி மூச்சு வாங்குச்சுன்னா உன்னைத் தேடி நான் வர முடியுமா?" என்றார் ஆசிரியர். அந்த அம்மாள் ஒரு வார்த்தையும் பேசாமல் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார், இறங்கினார், மறுபடியும் உட்கார்ந்தார், மறுபடியும் இறங்கினார். பிறகு அடுத்த வண்டிக்குப் போய் அதே போல் செய்தார். ஆறு விமரிசகரில் ஒருவராவது இதைச் செய்து பார்த்ததாக எழுதவில்லை.

"ஏறறது எல்லாத்துலயும் ஏறிடலாமுங்க தம்பி. இறங்கறப்பத்தான் கால் புடிக்குது. இதுல ஆசனம் கொஞ்சம் மேல இருக்குது, கதவும் அகலமாத் திறக்குது. எனக்கு இது போதுமுங்க" என்று என்னிடம் சொன்னார்.

அந்த வண்டிக்குப் பரீட்சையில் எத்தனை நட்சத்திரம், பரீட்சை செய்த ரகம் எது என்று ஆசிரியர் கேட்டார். கடைப் பையன் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்து சொன்னான். அதே ரகம் வேண்டுமென்றால் மூன்று மாதம் ஆகும்; இதற்குக் கீழ் ரகம் வெள்ளை நிறத்தில் ஒன்று நிற்கிறது, பணம் கட்டினால் வெள்ளிக் கிழமையே எடுத்துக்கொள்ளலாம், நாளும் நல்ல நாள் என்றான். மாப்பிள்ளை மாமனார் முகத்தைப் பார்த்தார்.

ஆசிரியர் மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் காந்திபுரத்தில் சத்தியமங்கலம் பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட்டேன். படி உயரமாய்த்தான் இருந்தது. கண்டக்டர் கை கொடுத்தார்.